கீழே வைத்த அரிவாள்

பிள்ளைகளே, நான் கப்பலில் காவல்காரனாய் இருந்தேன் என்று சொன்னால் நீங்கள் சிரிக்கிறீர்கள். "நடுக்கடலில் எந்தத் திருடன் அப்பா வருவான்?" என்று சின்னவள் கேட்டாள். நியாயமான கேள்விதான். வெளியிலிருந்து ஒருவனும் வரமாட்டான். ஏறியவர்களை ஏறியவர்களிடமிருந்து காப்பாற்றுவதுதான் என் வேலை. அதை எப்படிச் செய்தோம் என்று ஒரு தரம் ஒழுங்காக எழுதிவைக்கிறேன். எனக்குப் பாளையங்கோட்டை மிஷன் பள்ளிக்கூடத்தில் நாலாம் வகுப்பு வரைதான் படிப்பு. பிழை இருந்தால் பெரியவன் திருத்திக்கொள்ளட்டும்.

பெரிய யுத்தம் வருவதற்கு முன்னால் ஆறு வருஷம் நான் தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் போய்வந்த கப்பலில் இருந்தேன். தூத்துக்குடிக் கரையோரம் கடலில் ஆழம் போதாது. அதனால் கப்பல் சில மைல் தள்ளி நங்கூரம் போட்டு நிற்கும். ஆட்களைப் படகுகளில் ஏற்றி, ஒரு நீராவிப் படகு அவற்றை இழுத்துக்கொண்டுபோய்க் கப்பலோடு அணைக்கும். மத்தியானம் தொடங்கினால் சாயங்காலம் வரை ஆள் ஏறிக்கொண்டே இருப்பார்கள். பொழுது சாயும்போது நங்கூரம் தூக்கினால் மறுநாள் காலையில் கொழும்பு.

மேல் வகுப்பில் துரைமார்களும் வக்கீல்களும் போவார்கள். அவர்கள் குடித்துவிட்டுக் கத்தினாலும் அது என் காதுக்கு வராது. என் ராஜ்யம் திறந்த தளம். மேலே கித்தான் பந்தல், கீழே பலகை. அதில் இருநூறு முந்நூறு பேர் பாய் விரித்துக்கொண்டு, மூட்டையும் முடிச்சுமாய், கோழிக்கூண்டும் ஊறுகாய்ப் பானையுமாய் உட்கார்ந்திருப்பார்கள். தேயிலைத் தோட்டத்துக்குப் போகிறவர்கள், கொழும்பில் கடை வைத்திருப்பவர்கள், மகளைப் பார்க்கப் போகிற தாய்மார்கள் என்று எல்லோரும் அங்கேதான்.

சண்டை எதற்கு வரும் என்கிறீர்கள்? முக்கால்வாசி இடத்துக்குத்தான். ஒருவர் தலைமாட்டில் இன்னொருவர் கால் நீட்டினால் போதும், ஊரில் மூன்று தலைமுறைக்கு முன்னால் நடந்த கதையெல்லாம் வெளியே வரும். அடுத்தது அடுப்பு. கட்டுச்சோறு ஆறிப்போயிற்று என்று பலகைத் தளத்தில் கல்லுக்குப் பதிலாய் மூன்று தேங்காயை வைத்துத் தீ மூட்டப் பார்த்த அம்மாளை நான் பார்த்திருக்கிறேன். அப்புறம் சீட்டு, கள், எச்சில் துப்புவது.

இவற்றுக்கெல்லாம் கப்பலில் படிப்படியாய் முறை உண்டு. முதலில் வாயால் சொல்வோம். கேட்காவிட்டால் பாயோடு எழுப்பி, கேப்டன் நிற்கிற மேடைக்குக் கீழே தனியாய் உட்காரவைப்போம். அங்கே உட்கார்ந்தால் தளம் முழுவதும் பார்க்கும். நம் ஊர்க்காரனுக்கு அடியைவிட நாலு பேர் பார்ப்பதுதான் பெரிய தண்டனை. அதற்கும் மிஞ்சினால் முன்பக்கத்தில் கயிறு போடுகிற அறை ஒன்று உண்டு. அதில் போட்டுத் தாழிட்டு, கொழும்பில் துறைமுகப் போலீசிடம் ஒப்படைப்போம். நான் இருந்த காலத்தில் அந்தத் தாழ் போட்டது மூன்று நாலு பேருக்குத்தான்.

ஆனால் எல்லாவற்றையும்விட ஜனங்கள் பயந்தது கடைசிப் படகுக்கு. நங்கூரம் தூக்குமுன் தகராறு செய்தால், கரைக்குத் திரும்புகிற கடைசிப் படகில் இறக்கிவிட்டுவிடுவோம். அப்படி இறங்கியவனுக்கு ஒரு மாசத்துக்கு டிக்கெட் கிடையாது. எல்லாரிடமும் சொல்லிக்கொண்டு, கும்பிட்டுவிட்டுப் புறப்பட்டவன் அன்றைக்கே வீட்டு வாசலில் போய் நின்றால் எப்படி இருக்கும்!

நங்கூரம் தூக்கியபின் எனக்கு அவ்வளவு வேலை இல்லை. வெளிக்கடல் அலை இரண்டு தரம் தூக்கிப் போட்டால் எப்பேர்ப்பட்ட சண்டியரும் தலையைப் பிடித்துக்கொண்டு படுத்துவிடுவார். மத்தியானம் மீசையை முறுக்கினவர் ராத்திரி என் வேட்டியைப் பிடித்துக்கொண்டு, "எய்யா, ஒரு எலுமிச்சம்பழம் இருந்தா குடும்யா" என்று கேட்பார்.

இப்போது ஆயுதப் பெட்டியைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஏறுகிற இடத்தில் நான் ஒரு மரப்பெட்டியோடு நிற்பேன். அரிவாள், கத்தி, பாக்குவெட்டி, நாவிதர் சவரக்கத்தி எதுவானாலும் பெட்டிக்குள் போய்விட வேண்டும். கொழும்பில் இறங்கும்போது திரும்பக் கிடைக்கும். எழுதப் படிக்கத் தெரியாதவர்களே அதிகம் என்பதால் நான் பனையோலைத் துண்டுகளை வைத்திருப்பேன். ஒரு துண்டின் குறுக்கே நாலைந்து வெட்டு வெட்டி, நீளவாக்கில் இரண்டாய்க் கிழித்து, ஒரு பாதியை அரிவாளில் கட்டுவேன், மறுபாதியை அவர் கையில் கொடுப்பேன். காலையில் இரண்டு பாதியும் வெட்டுக்கு வெட்டு பொருந்தினால் அரிவாள் அவருடையது. ஒரு நாளும் மாறிப்போனதில்லை.

பெட்டிக்கு முன்னால், அரிசி புடைக்கிற சுளகு ஒன்றும் வைத்திருந்தேன். அது கப்பல் சட்டத்தில் இல்லை, நானாக வைத்தது. நம் ஜனங்கள் வெட்டுகிற இரும்பைக் கைக்குக் கை கொடுக்கமாட்டார்கள். கொடுத்தவருக்கும் வாங்கினவருக்கும் பகை வந்துவிடும் என்பார்கள். கீழே வைப்பார்கள், அடுத்தவர் எடுத்துக்கொள்வார். வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் நான் கை நீட்டியபோது முதல் ஆளே முழித்தார். அடுத்த தரம் கரைக்கு வந்ததுமே தூத்துக்குடிக் கடைத்தெருவில் ஒரு சுளகு வாங்கினேன். அவர்கள் சுளகில் வைப்பார்கள், நான் எடுத்துப் பெட்டியில் போடுவேன். சண்டையும் இல்லை, சத்தமும் இல்லை.

இதை நான் எந்தத் துரையிடமும் சொல்லவில்லை. மிஷன் பள்ளிக்கூடத்தில் படித்தவன், இப்படி ஒன்றை நம்புகிறான் என்று நினைத்துவிடுவார்களே என்று வெட்கம். கூட்டத்தில் சுளகு எந்தத் துரை கண்ணிலும் படவில்லை. மூன்று வருஷம் அப்படியே ஓடிற்று.

அந்தச் சமயம் கேப்டனுக்குக் கீழே வேலை பார்க்கப் புதிதாய் ஒரு சின்னத் துரை வந்திருந்தார். சீமையிலிருந்து வந்து மாசம் இரண்டுகூட ஆகவில்லை. முகமெல்லாம் வெயிலில் உரிந்து சிவந்திருக்கும். கெட்டவர் இல்லை. எல்லாவற்றையும் சட்டப்படி செய்ய வேண்டும் என்ற துடிப்பு. ஒரு நாள் ஏறுகிற இடத்தில் என் பக்கத்தில் வந்து நின்றார். அந்த நேரம் பார்த்துத் தளத்தின் பின்பக்கம் பாய் இடத்துக்கு இரண்டு பேர் சட்டையைப் பிடித்துக்கொண்டார்கள். துரையிடம் பெட்டியை விட்டுவிட்டு நான் ஓடினேன். ஓடுகிற அவசரத்தில் என் கால் பட்டுச் சுளகு எங்கேயோ போய்விட்டது.

அவர்களைப் பிரித்து உட்காரவைப்பதற்குள் முன்பக்கம் பெரிய கூச்சல். பேட்டையில் துணி வியாபாரம் செய்கிற ஒரு மரைக்காயர் அடிக்கடி எங்கள் கப்பலில் வருவார். அவர்தான் என்னைக் கண்டதும் கையை வீசிக் கூப்பிட்டார்.

"என்னவே காவல்காரரே, எங்க போய்த் தொலைஞ்சீரு? இங்கன ஒரு மனுசனத் தொரை கடல்ல தள்ளிருவாரு போலிருக்கு!"

போய்ப் பார்த்தால் கப்பல் வேலை செய்கிற கலாசிகள் இரண்டு பேர் ஒருவர் கையைப் பின்னால் பிடித்திருந்தார்கள். நாற்பது வயதிருக்கும். முறப்பநாட்டுப் பக்கம் ஆற்றங்கரையில் வாழைத் தோட்டம் வைத்திருப்பவர் என்று பிறகு தெரிந்தது. தலைப்பாகை அவிழ்ந்து தோளில் கிடந்தது. பக்கத்தில் இரண்டு வாழைக்குலை, ஒரு தகரப் பெட்டி. துரையின் பூட்சுக்கு ஒரு சாண் தள்ளிப் பலகையில் ஒரு நல்ல வெட்டரிவாள்.

நடந்தது இதுதான். துரை கையை நீட்டி அரிவாளைக் கேட்டிருக்கிறார். இவர் பணிவாகக் குனிந்து அதைத் துரையின் காலடியில் வைத்திருக்கிறார். பலகையில் இரும்பு 'ணங்' என்று விழுந்ததும் துரை துள்ளிப் பின்வாங்கி, பிறகு கோபம் வந்து, அதை எடுத்து இவரிடமே நீட்டி, "ஒழுங்காகக் கையில் கொடு" என்று சைகை காட்டியிருக்கிறார். இவர் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டாராம். துரை ஓர் அடி முன்னால் வர, இவர் ஓர் அடி பின்னால் போக, பார்த்த பெண்கள் 'வெட்டப் போறான்' என்று கத்த, கலாசிகள் பாய்ந்து இவரைப் பிடித்துவிட்டார்கள்; துரை கையிலிருந்த அரிவாள் மறுபடி பலகையில் விழுந்தது. யாரை யார் வெட்டப் போனார் என்று கத்தினவர்களுக்கே தெரியாது.

"இவன் என் காலில் கத்தியை எறிந்தான். சொன்னதற்கும் கீழ்ப்படியவில்லை. கடைசிப் படகில் இறக்கு" என்றார் துரை.

நான் அந்த மனிதரிடம் போனேன். "என்னய்யா இப்படிப் பண்ணிட்டீரு?"

"நான் என்ன பண்ணேன்? தொரைக்கும் எனக்கும் சண்ட வந்துரக் கூடாதுன்னுதானய்யா கீழ வச்சேன்!" என்றார். "நாளைக் கழிச்சு கொழும்புல என் தங்கச்சி மகளுக்குக் காதுகுத்து. தாய்மாமன் மடி நாந்தான். என்னைய எறக்கி விட்டுறாதீரும்."

"அடுத்த கப்பல்ல..." என்று சொல்ல வந்தவன் நிறுத்திக்கொண்டேன். இறங்கினால் ஒரு மாசத்துக்கு அவருக்கு அடுத்த கப்பல் கிடையாது.

அவரே சொன்னார். "மச்சானுக்கும் எனக்கும் மூணு வருசமாப் பேச்சு இல்ல. எதுல வந்துச்சுன்னு நெனைக்கீரு? அவரு கொழும்புக்குக் கெளம்புத அன்னைக்கு, வெத்தல போடும்போது, மறதியாப் பாக்குவெட்டிய அவரு கையில குடுத்துட்டேன். அதோட போச்சு. இப்ப அவராத்தான் மனசு எறங்கிக் கடுதாசி போட்டுருக்காரு, மாமன் வந்தாத்தான் காதுகுத்துன்னு. போகலைன்னா வேணும்னே வரலைன்னுல்லா நெனைப்பாரு? அதுக்கப்புறம் என் தங்கச்சி மொகத்துல நான் எப்பிடி முழிக்க?"

தகரப் பெட்டியைப் பார்த்தேன். அதற்குள்தான் பிள்ளைக்குப் பட்டுப்பாவாடையும் காதுக்குப் போடுகிற தங்கமும் இருந்தனவாம்.

கீழே நீராவிப் படகு ஊதல் கொடுத்தது. படகுக்காரன் மேலே பார்த்துக் கத்தினான். "எறங்கப் போறது யாரு? வெரசா வாங்கய்யா, காத்து மாறுது!"

நான் துரையிடம் திரும்பி, எனக்குத் தெரிந்த நாலாம் வகுப்பு இங்கிலீஷில் சொன்னேன். "சார், கையில் கொடுத்தால் சண்டை வரும் என்று இவன் பயந்தான்."

துரை என்னை மேலும் கீழும் பார்த்தார். "கொடுக்காததால்தானே இப்போது சண்டை வந்திருக்கிறது?" என்றார்.

படகுக்காரனைக் கொஞ்சம் பொறுக்கச் சொல்லிக் கையைக் காட்டினேன்.

அந்தச் சமயம் கேப்டன் துரை ஏணியில் இறங்கி வந்தார். வெள்ளைத் தாடி, வாயில் புகையிலைச் சுங்கான். கையில் கடிகாரத்தைப் பிடித்திருந்தார், புறப்படுகிற நேரம் தப்பிவிடுமே என்று. சின்னத் துரை தன் பக்கத்தைச் சொன்னார். நான் என் பக்கத்தைச் சொன்னேன். சுளகைப் பற்றியும் சொன்னேன். வெட்கத்தைப் பார்த்தால் ஒரு குழந்தையின் காதுகுத்து போய்விடும்.

கேப்டன் கேட்டார், "இது இவன் ஒருவனுடைய வழக்கமா, எல்லாருக்கும் உண்டா?"

"எல்லாருக்கும், சார்."

"காட்டு" என்றார்.

பெட்டியைத் திறந்தேன். அவர் ஒரு பாக்குவெட்டியை எடுத்தார். அது யாருடையது என்று கேட்டு, வெற்றிலை மென்றுகொண்டிருந்த ஒரு அம்மாளிடம் போய்க் கையில் நீட்டினார். அந்த அம்மாள் பதறி எழுந்து நின்றாள். "ஆத்தாடி! கீழ வைங்க தொரை. ஒங்களுக்கும் எனக்கும் என்ன பகை?"

அடுத்தது மரைக்காயர். அவரிடம் நீட்டினார். "எங்க மார்க்கத்துல இதெல்லாம் கெடையாதுன்னு சொல்லும் வே" என்று என்னிடம் கம்பீரமாய்ச் சொன்னார் அவர். சொல்லிக்கொண்டே இரண்டு கையையும் சால்வைக்குள் இழுத்துக்கொண்டார். "இருந்தாலும் எங்க வாப்பா காலத்துல இருந்து கையில வாங்குனதில்ல. இப்ப எதுக்குப் புதுசா?"

தளமே சிரித்தது. கேப்டனுக்கும் தாடிக்குள் சிரிப்பு வந்துவிட்டது. பக்கத்தில் மூக்குக்கண்ணாடி போட்ட ஓர் உபதேசியார் உட்கார்ந்திருந்தார். பாளையங்கோட்டைக்காரர். படகில் வரும்போதே மூடநம்பிக்கையைப் பற்றி ஒரு சின்னப் பிரசங்கம் செய்தவர். கேப்டன் அவரிடம் நீட்டினார். உபதேசியார் கை பாதி தூரம் வந்தது. நின்றது. பிறகு சட்டைப்பையிலிருந்து கைக்குட்டையை எடுத்துத் தரையில் விரித்தார். "தரை அழுக்காயிருக்கு. இதுல வைக்கச் சொல்லுங்க, தம்பி" என்றார்.

கடைசியாய்க் கேப்டன் என் பக்கம் திரும்பினார். "நீ பள்ளிக்கூடம் படித்தவன். நீ வாங்கு."

பிள்ளைகளே, நான் வாங்கிவிடலாம் என்றுதான் நினைத்தேன். மூன்று வருஷமாய் முந்நூறு பேருடைய இரும்பைத் தொட்டு எடுத்தவன். ஆனால் என் அம்மா ஒரு நாளும் அரிவாள்மணையைக்கூட என் கையில் தந்ததில்லை. ஞாயிற்றுக்கிழமை தவறாமல் வேதக்கோயிலுக்குப் போகிறவள்தான். என் கை எழும்பவே இல்லை. தலையைக் குனிந்துகொண்டு, "கீழே வையுங்கள், சார்" என்றேன். அந்த நிமிஷம் எல்லாரும் சிரித்த சிரிப்பு இன்னும் காதில் இருக்கிறது. கலாசிகள்கூடப் பிடித்த பிடியை விட்டுவிட்டுச் சிரித்தார்கள்.

கேப்டன் கடைசியில் பாக்குவெட்டியைச் சின்னத் துரையிடம் நீட்டினார். அவர் உடனே வாங்கிக்கொண்டார். "பார்த்தாயா? இந்தக் கப்பலில் சண்டைக்காரர்கள் நாம் இரண்டு பேர்தான்" என்றார் கேப்டன்.

பிறகு முகத்தை இறுக்கிக்கொண்டு தீர்ப்புச் சொன்னார். தளம் முழுவதும் பார்க்க ஒரு துரைக்குக் கீழ்ப்படியாதவனை ஒன்றுமே செய்யாமல் விட்டால் நாளைக்குக் கப்பல் நடக்காது. அதனால் அந்த மனிதர் சின்னத் துரையிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும், கொழும்பு வரும்வரை மேடைக்குக் கீழே உட்கார வேண்டும். கடைசிப் படகு வேண்டாம். எனக்கும் கிடைத்தது. "மூன்று வருஷம் ஏன் சொல்லாமல் இருந்தாய்? நீ சொல்லியிருந்தால் இது நடந்திருக்காது."

அது உண்மை. நான் வெட்கப்பட்டு மறைத்த ஒரு சுளகு ஒரு மனுஷனைக் கரைக்கு அனுப்பப் பார்த்தது.

மாமன்காரர் துரையைப் பார்த்து நெடுஞ்சாண்கிடையாய் விழப் போனார். நான் பிடித்து நிறுத்தி, கும்பிட்டால் போதும் என்றேன். கும்பிட்டார். துரையும் தொப்பியைத் தொட்டார். ஊதல் இன்னொரு தரம் கேட்டது. படகு ஆள் இல்லாமல் கரைக்குத் திரும்பிற்று.

அரிவாளை நான்தான் எடுத்தேன். ஓலையில் ஐந்து வெட்டு வெட்டிப் பாதியை அவரிடம் கொடுத்தேன். அதை அவர் காசு மாதிரி மடியில் முடிந்துகொண்டு, வாழைக்குலைகளோடு மேடைக்குக் கீழே போய் உட்கார்ந்தார். தண்டனை இடம்தான், ஆனால் அங்கே கூட்டம் இல்லை, கடற்காற்று நேரே அடிக்கும். கொஞ்ச நேரத்தில் பார்த்தால் காலை நீட்டிச் சாய்ந்திருக்கிறார். நான் எதிரில் போனதும், "நல்ல காத்து வே. ஊர்ல ஆத்தங்கரையில இருக்க மாதிரியே இருக்கு" என்றார்.

பின்பக்கம் பாய்க்காகச் சண்டை போட்ட இரண்டு பேரில் ஒருவன் என்னிடம் வந்தான். "அண்ணாச்சி, நானும் ஏதாச்சும் தப்புப் பண்ணுனா அங்கன உக்கார விடுவியளா?"

"ஒன்னையக் கயித்து ரூம்புல போடுவேன். போ லே" என்றேன்.

காலையில் கொழும்பில் இரும்பெல்லாம் திருப்பிக் கொடுக்கும்போது சின்னத் துரை தானாகவே வந்தார். கப்பல் தச்சன் தேடிக் கொண்டுவந்த சுளகு முன்னால் இருந்தது. மாமன்காரர் ஓலையை நீட்டினார். வெட்டுக்கு வெட்டு பொருந்திற்று. துரை அரிவாளைச் சுளகில் வைத்து, அதைப் பூட்ஸ் முனையால் அவர் பக்கம் தள்ளப் பார்த்தார். "சார், காலால் வேண்டாம்" என்றேன். இன்னும் எத்தனை சட்டம் இருக்கிறதோ என்பதுபோல் என்னைப் பார்த்துவிட்டு, குனிந்து கையால் நகர்த்தினார். மாமன்காரர் எடுத்துக்கொண்டார். கரையில் ஒருவர் துண்டை வீசி வீசிக் காட்டிக்கொண்டு நின்றார். "மச்சான்!" என்று இவர் போட்ட சத்தத்தில் வாழைக்குலையைத் தூக்கின கூலியாள் திடுக்கிட்டுப்போனான்.

இரண்டு வாரம் கழித்துத் திரும்புகாலில் அதே கப்பலில் ஏறினார். அரிவாளைச் சுளகில் வைத்தார். "காதுகுத்து நல்லபடியா நடந்துச்சா?" என்று கேட்டேன். சட்டையை விலக்கித் தோளைக் காட்டினார். பல் பதிந்த தழும்பு இருந்தது. "ஆசாரி ஊசிய எடுத்ததும் கடிச்சிட்டா வே. ரெண்டு காதுக்கும் ரெண்டு கடி. மச்சான் என்னையப் புடிச்சிக்கிட்டாரு, நான் பிள்ளையப் புடிச்சிக்கிட்டேன்" என்றார். மூன்று வருஷத்துப் பேச்சையும் அந்த இரண்டு வாரத்தில் பேசித் தீர்த்துவிட்டார்களாம்.

பிறகு மடியிலிருந்து இலையில் கட்டின ஒரு பொட்டலத்தை எடுத்தார். கொழும்புத் தொதல், தேங்காய்ப்பாலும் கருப்பட்டியும் போட்டுத் தங்கச்சி கிண்டின இனிப்பு. நேரே சின்னத் துரையிடம் போய் இரண்டு கையாலும் நீட்டினார்.

துரை கை நீட்டவில்லை. பாடத்தை நன்றாய்ப் படித்த பிள்ளையாய்ப் பெருமையோடு என்னைப் பார்த்தார். பிறகு சுளகைக் காட்டினார்.

மாமன்காரர் முகம் சுண்டிவிட்டது. "ஏய்யா, தின்னுத பண்டத்தப் போய் அரிவா வச்ச சொளவுல வைக்கச் சொல்லுதாரே! இன்னும் கோவம் தீரலையா?"

நான் ஓடிப்போய், இதைக் கையில்தான் வாங்க வேண்டும் என்று சொன்னேன். துரையின் சிவந்த முகம் இன்னும் சிவந்தது. சட்டையில் கையைத் துடைத்துக்கொண்டு இரண்டு கையாலும் வாங்கினார். இலையைப் பிரித்து ஒரு துண்டை வாயில் போட்டார். தொதல் பல்லில் ஒட்டிக்கொள்ளும், தெரியுமல்லவா? கண்ணை மூடித் தலையை மட்டும் ஆட்டினார்.

மாமன்காரர் அவர் வாயையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு என் முழங்கையை இடித்தார்.

"இன்னொண்ணு எடுத்துக்கிடச் சொல்லும் வே."